குப்பை வண்டி வந்தபோது லியாவ் எழுதிய பரீட்சை

1
இக்கதை, தைவானின் தைனான் நகரில் ஒரு மாலை, பாட்டு ஒலித்தபடி வரும் குப்பை வண்டியைப் பிடிக்க நான் மூட்டையுடன் ஓடியபோது பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ('ஒப்புக்கொண்டுகொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தால், நான் முடிக்கும்வரை வாசகர் காத்திருக்க நேர்ந்திருக்கும்.)

2
முதல் தொடக்கம்: "சூரியன் மறைகிறது. பறவைகள் கூடு திரும்புகின்றன. லியாவ் ஜின்ஷுய் அவற்றை..."

வேண்டாம். லியாவ் ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக். பறவைகளை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: முதியோர் ஆங்கில வகுப்பின் கீழ்ப் பிரிவில் லியாவ் மீண்டும் அமர்ந்திருக்கிறார். சென்ற தேர்வில், ஆப்பிள் உண்ணும் ஒருவனின் படத்தைக் காட்டி, "இவன் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான்?" என்று கேட்டார்கள். "ஒன்றும் செய்யவில்லை, இது படம்" என்றார். தோற்றார்.

இம்முறை தோற்கலாகாது. பக்கத்து நாற்காலியில் அமரும் ஷியூசின், மீன் உருண்டைக் கடை நடத்தும் பெண்மணி, வகுப்பிலேயே கெட்டிக்காரர். அவர் மேல் பிரிவுக்குச் செல்வது உறுதி. ஆகவே, அன்றாடச் செயலுக்கு ஒரு வடிவம், இக்கணம் நிகழும் செயலுக்கு வேறொரு வடிவம் என, லியாவ் குளியலறையிலும் ஆங்கிலத்தில் பயின்றார்: "நான் தினமும் பல் துலக்குகிறேன். நான் இப்போது பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன்." கண்ணாடியெங்கும் நுரை தெறித்தது.

(இவ்விடத்தில் 'காதல்' என்று எழுதி, அடித்துவிட்டேன். லியாவ் கோபித்துக்கொள்வார்.)

3
வாய்மொழித் தேர்வு. ஷியூசின் முடித்து வெளியேறியதும் லியாவ் உள்ளே அழைக்கப்பட்டார். காலடியில் இறால் ஓடுகள் நிறைந்த மூட்டை. இவ்வூரில் அவரவர் குப்பையை அவரவரே ஓடிப்போய் வண்டியில் எறிய வேண்டும்; மறுநாள் புதன், வண்டி வராது. ஆசிரியை பெய்ஷான் வாய் திறந்தார். தெருவில் வண்டியின் பாட்டு கேட்டது.

வெளியே காத்திருந்த வகுப்பே எழுந்து ஓடியது. ஆசிரியையும் தம் மேசைக்கடியிலிருந்து இரண்டு மூட்டைகளை இழுத்தார்.

"மிஸ், என் பரீட்சை?"

"ஓடிக்கிட்டே வச்சுக்கலாம், மேஸ்திரி! வாங்க!"

ஷியூசின் தம் மூட்டையை வண்டிக்குள் வீசிவிட்டுத் திரும்பினார்.

"என்ன மேஸ்திரி, மூட்டைய இப்படிக் கட்டிப்புடிச்சுக்கிட்டு வர்றீங்க? பேரப்புள்ளையா?"

"அதை விடுங்க. நீங்க பாஸ்தானே?"

"நானா? ஊத்திக்கிச்சு! கேள்வி கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கவே முடியல. மறுபடியும் கீழ் வகுப்புதான்!" சொல்லிவிட்டு மீண்டும் சிரித்தார்.

லியாவின் கால்கள் நின்றன. வண்டி நகரத் தொடங்கியது.

"மேஸ்திரி!" ஆசிரியைக்கு மூச்சு வாங்கியது. "ஒரே கேள்வி. சரியாச் சொன்னா மேல் வகுப்பு. நீங்க இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க? இங்கிலீஷ்ல!"

வாழ்வில் முதன்முறையாக அவருக்குச் சரியான விடை தெரிந்திருந்தது.

4
முடிவு அ: சரியாகச் சொல்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். மேல் வகுப்பில், காலி நாற்காலி ஒன்றின் அருகே பெருமையுடன் அமர்கிறார்.

முடிவு ஆ: தவறாகச் சொல்கிறார். ஆனால் அவ்வளவு பற்பசையை வீணாக்கியவர் தெரிந்த விடையை விழுங்குவாரா? அவரிடம் கேட்டேன். முறைத்தார்.

முடிவு இ: மூட்டை கிழிந்து, இறால் ஓடுகள் ஆசிரியையின்... இல்லை. இது கோழைத்தனம்.

வாசகரே, லியாவ் வாய் திறந்துவிட்டார். அதில் எந்த விடையை வைப்பது என்பதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். விரைவாக முடிவெடுங்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். ஷியூசினின் சிரிப்போ, என்ன காரணமோ, நின்றுவிட்டது.