நாலு எண்ணிக்கை இடம்

பெரியம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியட்டும் என்றே வெள்ளை வெளேரென்று வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவளுக்குப் பின்னால் அப்பா, அக்காவின் கணவர், எல்லாருக்கும் கடைசியாக அக்கா. நால்வரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் பாட்டுக் கேட்க வந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோதனை போட வந்த அதிகாரிகள் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஐஸ் தொழிற்சாலையாக இருந்த கூடம் அது. உயரத்து ஜன்னல்களிலிருந்து மத்தியான வெயில் இறங்கி, கறுப்புப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த ஸ்பீக்கர்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கேதான் 'இரைச்சல்' தன் இரண்டாவது ஆல்பத்தை முதல் தடவையாக ஆட்கள் முன்னால் ஒலிக்கவிடப் போகிறாள்.

இரைச்சல் என்பது அப்பா வைத்த பெயர். சின்ன வயதில் பாத்திரம், கதவு, பீரோ, அப்பாவின் வழுக்கை என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டிப் பார்த்தவளை வேறு என்னவென்று கூப்பிடுவார் மனுஷன்? வளர்ந்ததும் அதையே போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டாள். முதல் ஆல்பத்துக்கு அவள் வைத்த தலைப்பு 'வீட்டு விஷயம்'. வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போனில் பதிவு செய்த குரல்களை வெட்டி, நீட்டி, சுழற்றி, மின்னணுத் தாளத்தின் மேல் ஓடவிட்ட ஏழு பாட்டு. அப்பா போட்ட திட்டு ஒன்று, பெரியம்மா பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசிய வம்பு ஒன்று. ரேடியோக்காரர்கள் ஒலிபரப்ப மாட்டோம் என்றார்கள். அது போதாதா, ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது, அக்கா தன் கணவரோடு சண்டை போட்டபோது கத்திய ஒற்றை வரி: "நான் என்ன மரமா?" நடன அரங்குகளில் நூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு அதைக் கத்தினார்கள்.

அக்கா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். ஒருநாள் இருமலுக்கு மருந்து கேட்டு வந்த ஆளின் போன் அவள் குரலிலேயே 'நான் என்ன மரமா?' என்று அழுதது. அக்கா அவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்தாள், எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்றும் சொன்னாள், அப்புறம் உள்ளே போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து தங்கையின் அழைப்பை எடுப்பதில்லை. சண்டை போட்டிருந்தால்கூட இரைச்சல் தாங்கியிருப்பாள். சத்தத்தில் பிழைப்பவளை மௌனத்தால் அடிப்பது எப்படி என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது ஆல்பம் என்றதும் கம்பெனி மேனேஜர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "இதுல யாரைக் கிழிக்கப் போற?" என்று ஆசையாகக் கேட்டார். "யாரையும் இல்ல. ஒரு மனுஷக் குரல்கூட இருக்காது" என்றாள். மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. சொன்னபடியே லிப்ட், ஷட்டர், தையல் மெஷின், ஐஸ் தொழிற்சாலையில் மிச்சமிருந்த கிழட்டு கம்ப்ரஸர் என்று தேடித் தேடிப் பதிவு செய்து, பிறகு ஒரு வருஷம் அறையை விட்டு வெளியே வராமல் ஆல்பத்தைச் செய்தாள். முடித்ததும் வீட்டு ஆட்கள் நால்வருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினாள். 'இதில் உங்கள் யார் குரலும் இல்லை. நேரில் வந்து சோதித்துப் பாருங்கள்.' அக்கா வருவாள் என்று அவள் நம்பவே இல்லை. வந்துவிட்டாள். பாட்டு நன்றாக இருக்கிறதா, ஆல்பம் ஓடுமா என்பதெல்லாம் இப்போது இரண்டாம் பட்சம். சொன்ன வாக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு குரல் கேட்டால் போதும், அக்கா எழுந்து போய்விடுவாள். அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் திரும்ப மாட்டாள்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. ஷட்டர் ஒன்று இறங்குகிற சத்தம், அதற்கு அடியில் தையல் மெஷின் மெல்ல வேகம் பிடித்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஸ்பீக்கரிலிருந்து அவளே பேசினாள்.

"தாடி, தூங்காத. இங்க ஏத்து. இன்னும் ஏத்து. பயப்படாதடா, காது ஒண்ணும் கிழிஞ்சுடாது."

கூட்டம் சிரித்தது. தாடி என்பவன் அவளுடைய ஒலிப்பதிவாளன். அவளுக்கு இசையை எழுதிக் கொடுக்கத் தெரியாது. அரைகுறைப் பாட்டை ஓடவிட்டு, எந்த இடத்தில் எது வேண்டும் என்று அதன் மேலேயே மைக்கில் சொல்லிக்கொண்டு போவாள். தாடி அதைக் கேட்டுக் கேட்டுப் பாட்டைச் சரிசெய்வான், கடைசியில் அந்தக் குரலை எடுத்துவிடுவான். இந்தத் தடவை எடுக்காத பிரதியைக் கொண்டு வந்துவிட்டான். ஓரத்தில் கருவி முன்னால் நின்றிருந்தவன் பேயறைந்த மாதிரி அவளைப் பார்த்தான். அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அக்காவின் முதுகு விறைத்திருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா ஒரு காதின் பஞ்சை லேசாக நகர்த்தியிருந்தாள்.

அக்கா இன்னும் உட்கார்ந்திருக்கிறாளே என்று நிறுத்தச் சொல்லாமல் மூன்று பாட்டை ஓடவிட்டாள். நான்காவது பாட்டு வந்ததும்தான் அதில் என்ன பேசியிருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது. தாடியை நோக்கி ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டது, அவள் குரல் ஆரம்பித்துவிட்டது.

"இங்க கதவு சாத்துது. நல்லா ஓங்கிச் சாத்தட்டும், தாடி. அக்கா அப்படித்தான் சாத்துவா. இங்க நான் வெளிய நிக்கிறேன். டிரம் வேணாம். இப்ப அக்கா வரணும். அவ வரமாட்டா. அவளோட இடத்துல வேற எதையும் வைக்காத. நாலு எண்ணிக்கை காலியா விடு."

நாலு எண்ணிக்கை காலியாக ஓடியது. அந்தப் பெரிய கூடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பிறகு தாளம் மறுபடி வந்து விழுந்தது. தாடியின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தாதீங்க!"

அக்கா எழுந்து நின்றிருந்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பக்கத்தில் அவள் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை உதறினாள்.

"அந்தப் பாட்டை முதல்லேர்ந்து போடுங்க" என்றாள் தாடியிடம்.

தாடி இரைச்சலைப் பார்த்தான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டது, மறுபடியும் கதவு ஓங்கிச் சாத்திக்கொண்டது. அக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். மருந்துக் கடையில் நோயாளியின் சீட்டைப் படிக்கிற அதே கவனத்தோடு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'அவ வரமாட்டா' என்றது குரல். 'நாலு எண்ணிக்கை காலியா விடு' என்றது.

"வந்துட்டேன்டி!" என்று கத்தினாள் அக்கா.

அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். இந்தத் தடவை அது யாரும் திருடியது இல்லை, அவளே கொடுத்தது. அது ஐஸ் தொழிற்சாலையின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வரவும், தாளம் வந்து விழவும் சரியாக இருந்தது. இரைச்சலுக்கு ஆயுசில் அப்படி ஒரு தாளம் விழுந்ததில்லை. கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. அவள் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், தாளத்துக்குச் சரியாக.

"இன்னொரு தடவை கேக்காம ரெக்கார்ட் பண்ணேன்னு வை, தொலைச்சுடுவேன்."

"கேட்டுட்டுத்தான் பண்ணுவேன்க்கா. இப்ப ஒரு தடவை கத்துறியா? தாடி மைக்கை வைக்கட்டும்."

மேனேஜர் எங்கிருந்தோ மூச்சு வாங்க ஓடி வந்தார். "குரலோட இருக்கிறதா, குரல் இல்லாததா? எதும்மா ஆல்பம்?"

"இப்ப கேட்டீங்களே, இதுதான்" என்றாள் இரைச்சல்.

அதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டிருந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஏன், எனக்கு இதுல இடமே இல்லையா?" என்றார் மகளிடம், உண்மையான வருத்தத்தோடு. அவள் சிரித்துக்கொண்டே அவர் வழுக்கையில் தாளம் போட்டாள். தாடி பாட்டை மூன்றாவது தடவையாக, இருக்கிற சத்தத்தையெல்லாம் திறந்துவிட்டு ஓடவிட்டான். கதவு சாத்திக்கொண்டது. கூடம் முழுக்க அந்த நாலு எண்ணிக்கைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதில் பெரியம்மாவும் நின்றாள். மூன்றாவது வரிசையில் ஆள் இல்லாத அவள் நாற்காலியில் இரண்டு பஞ்சு உருண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன.