கடைக்காரன் ஏமாற்றிய பட்டை

இந்த வருஷம் மளிகைக் கடைக்காரன் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டான். அவன் கொடுத்த பட்டையில் வாசனையே இல்லை. மரத்தூளை முகர்வது போலிருந்தது. பொடித்து, மாவில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டேன். அப்புறமும் மனசு கேட்காமல் இன்னொரு ஸ்பூன். இப்போதெல்லாம் சோப்பில்கூட வாசனை வருவதில்லை. எதைத் தொட்டாலும் கலப்படம்.

குளிர்கால விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் பிஸ்கட் சுடுவோம். பதினாறு வருஷமாக மாவு என் கைதான். துணி தைத்துக் கொடுத்து நான் வாங்கிய பேரைவிட இந்த பிஸ்கட்டால் தெருவில் வாங்கிய பேர் அதிகம். அதன்மேல் என் நாத்தனாருக்கு ஒரு கண் என்று எனக்குச் சந்தேகம். எப்போதும் சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக வருகிறவள், இன்று எட்டரைக்கே வந்து கையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் பிசையட்டுமா?"

"உன் அண்ணனுக்குக் காபி போட்டுக் குடு, போதும்."

நான் வெண்ணெய் எடுக்கத் திரும்பியபோது பட்டைப் பொடி டப்பா இடம் மாறியிருந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ், என் சிநேகிதிதான், மாவை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே நாத்தனாரைப் பார்த்தாள். அவள் இவளைப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள் நர்ஸ்.

வருஷம் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறவளை எதற்கு உட்காரச் சொல்கிறாள்? ஹாலிலிருந்து என் கணவர் "கேஸை மூடிட்டியா?" என்றார். ஒரு மாதமாக இதையே ஒரு நாளைக்குப் பத்து தரம் கேட்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல.

எதிர்வீட்டு டீச்சர் சொன்னதும் அப்போதுதான் உறுத்தியது. போன வாரம் நான் சுட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். "இந்தத் தடவை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அதென்ன, இந்தத் தடவை?

தட்டுக்குப் போட தாள் தேடுகிற சாக்கில் நாத்தனாரின் பையைத் திறந்தேன். துண்டுக்கு அடியில் ஒரு டப்பா. உள்ளே சுடாத பிஸ்கட்டுகள், வரிசையாக. என் நட்சத்திர அச்சு. ஒவ்வொன்றின் நடுவிலும் நான் கட்டைவிரலால் அழுத்துகிற பள்ளம்கூட இருந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தேன். என் தட்டை ஓவனில் வைத்துவிட்டு, பிஸ்கட் போட்டுக் கொடுக்கிற டின்களுக்கு ரிப்பன் கட்டச் சொல்லி எல்லோரையும் ஹாலுக்கு அனுப்பினேன். ஓவனுக்கு முதுகைக் காட்டி, கதவுப் பக்கம் கண்கொத்திப் பாம்பாக நின்றேன். என் தட்டை எவள் மாற்றுகிறாள் பார்க்கலாம்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். நாத்தனார் என்னைத் தள்ளிவிட்டு ஓவனைத் திறந்தாள். குப்பென்று புகை. தட்டு முழுக்கக் கரி.

"கருகுற வாசனை ஹால் வரைக்கும் வந்துச்சு அண்ணி. உங்களுக்கு வரலையா?"

அவள் பையிலிருந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "என் தட்டை எடுத்துட்டு இதை வைக்கத்தானே வந்தே?"

"ஆமா" என்றாள். அவள் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "போன வாரம் நீங்க குடுத்ததை வாயில வைக்க முடியலை அண்ணி. பட்டை அப்படிக் கசந்துச்சு. வீடு வீடா போய்த் திருப்பி வாங்கிட்டு, நான் சுட்டதைக் குடுத்தேன். நீங்க குடுத்ததாத்தான் சொன்னேன்."

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். "போன மாசம் வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் உங்களுக்கு வாசனை தெரியலைக்கா. திரும்ப வரலாம். வராமலும் போகலாம்."

டீச்சர் பாராட்டியது இவள் பிஸ்கட்டை. எனக்கு அவமானமாக இருந்தது.

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?" என்றார் கணவர்.

நம்பியிருக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரியாமலும் இல்லை. காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டு நின்ற காலைகள் உண்டு. கடைக்காரனைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

கரியைக் கொட்டிவிட்டு மறுபடி மாவு பிசைந்தேன். ஒரே ஸ்பூன் பட்டைப் பொடி போட்டேன். பாத்திரத்தை நாத்தனாரின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"போதுமா?"

அவள் குனிந்து நிதானமாக முகர்ந்தாள். "இன்னும் கால் ஸ்பூன், அண்ணி."

கெடுப்பதற்காகச் சொல்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. பாழாய்ப்போன புத்தி. நானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை.

கால் ஸ்பூன் போட்டேன்.