சனிக்கிழமைக் காவல்

பாண்டித்துரைக்குத் திங்கட்கிழமை காலை முதுகுளத்தூரில் கல்யாணம். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் பஹ்ரைனில், மனாமா பஜாரில், பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு நின்றான்.

இதோ லீவு, அதோ லீவு என்று இழுத்தடித்தே கம்பெனிக்காரன் கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட வைத்திருந்தான். பெண்ணின் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆனிக்குள்ள தாலி ஏறலைன்னா கனகாவுக்கு வேற எடம் பாத்துருவேன்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணம்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று ஆபீஸில் கேட்டார்கள். அக்கா அனுப்பிய பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினான். ஒரு வாரம் யோசித்து, பாஸ்போர்ட், டிக்கெட், பத்திரிகை மூன்றையும் ஒரு காக்கிக் கவரில் போட்டு இன்று காலைதான் கையில் தந்தார்கள். நாலு மணிக்கு ஃப்ளைட். நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்த் தொலைந்திருக்கலாம். மச்சினனுக்கு சென்ட் பாட்டில் வாங்க பஜாருக்கு வந்தான். பையில் கவரைக் காணோம்.

வந்த வழியெல்லாம் மூன்று முறை தேடினான். ஒவ்வொரு முறையும் சந்துமுனையில் ஒரு வெள்ளைக்காரர் வேறு உயிரை வாங்கினார். நரைத்த தாடி, கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் கோட்டு, உச்சந்தலையில் சின்னக் குல்லா. பெரிய கறுப்புத் தொப்பி ஒன்றைக் காலடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "ஹலோ மிஸ்டர், ஒன் மினிட்" என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டார். வித்தை காட்டிக் காசு கேட்கிற ஆள் போலிருக்கிறது. "மாஃபி, மாஃபி" என அரபியில் இல்லையென்று சொல்லிக் கையை உதறிவிட்டு ஓடினான். இருக்கிற எரிச்சலில் அவரை இரண்டு வார்த்தை திட்டவும் செய்தான்.

பன்னிரண்டரைக்குச் சந்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கீழக்கரைக்காரரான கடைக்காரர் அகமது கபீர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஏதும் தொலைச்சிட்டியளா?"

"பாஸ்போர்ட்டு பாய். காக்கிக் கவரோட போச்சு. என் கல்யாணமும் போச்சு."

கபீர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட அல்லாவே! அந்தா நிக்கிற மனுசன் காலையிலேர்ந்து அதுக்குத்தானே காவல் நிக்கிறாரு! கவரு அந்தத் தொப்பிக்குக் கீழதான் கெடக்கு."

பாண்டித்துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்து ஒங்க கடையில வச்சுருக்கக் கூடாதா பாய்?"

"எடுக்கத்தான் போனேன். ஒன்னோடதான்னு கேட்டாரு. இல்லேன்னேன். அப்பத் தொடாதேன்னுட்டாரு. அவரும் தொடமாட்டாரு. பெல்ஜியத்துலேர்ந்து முத்து வாங்க வந்த யூதரு அவரு. சனிக்கிழமை அவுகளுக்கு ஓய்வு நாளு. தெருவுல ஒரு சாமானத் தூக்கிட்டு நடக்கப்படாது, போன் பண்ணப்படாது, எழுதப்படாது. ஆனா அடுத்தவன் தொலைச்ச பொருளப் பாத்துட்டா விட்டுட்டும் போகப்படாதாம். ரெண்டும் ஆண்டவன் கட்டளையாம். நாலு மணி நேரமா நிக்கிறாரு, நான் குடுத்த தண்ணிய மட்டும் குடிச்சிக்கிட்டு."

பாண்டித்துரை பாய்ந்து போய்த் தொப்பியில் கை வைத்தான். பெரியவர் நடுவில் வந்து நின்றுகொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"பாஸ்போர்ட்! மை பாஸ்போர்ட்! டிக்கெட்!"

பின்னாலேயே வந்த கபீர் சொன்னார்: "அதத்தான் முன்னாடி வந்த ரெண்டு பயலும் சொன்னானுவ. வேற அடையாளம் கேக்குறாரு."

"யோவ், அதுல என் போட்டோ இருக்குய்யா! தொறந்து பாருய்யா!"

அவரும் திறக்கமாட்டார், அவனையும் திறக்க விடமாட்டார். இவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் என்று அவருக்குச் சந்தேகம். இப்படி ஒரு வீம்புக்காரனிடமா வந்து மாட்ட வேண்டும் என்று பாண்டித்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. கவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த பத்திரிகையின் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

"எல்லோ! கார்டு! கார்னர் எல்லோ!" என்று கத்தினான். அக்கா நாலு மூலையிலும் மஞ்சளை அப்பி அனுப்பியிருந்தாள்.

பெரியவர் முகம் மலர்ந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அந்த மஞ்சள் என்னவென்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது என்று கபீர் சொன்னார். பாண்டித்துரை கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான். வெயிலில் வெந்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. இந்த மனிதரையா திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

டாக்ஸியை நிறுத்தினான். "ஏறச் சொல்லுங்க பாய், ரூமுல விட்டுட்டுப் போறேன்."

"ஏறமாட்டாரு தம்பி. இன்னைக்கு வண்டியும் ஆகாது."

"பின்ன என்னதான் ஆகும் இந்தாளுக்கு இன்னைக்கு?"

கபீர் அதையும் கேட்டுவிட்டார். பெரியவர் பதிலுக்கு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கபீர் பாண்டித்துரையைக் காட்டினார்.

"மாப்பிள்ளையச் சந்தோசப்படுத்தலாமாம்" என்றார் கபீர்.

சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் ஏதோ ஒரு பாட்டை எடுத்துவிட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்துப்போன கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, நடுத்தெருவில் ஆட ஆரம்பித்தார். டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஃப்ளைட்டு போயிரும் சாமி, விடுங்க!" என்று பாண்டித்துரை கத்தினான். கத்தும்போதே ஒன்று உறைத்தது. கல்யாணம் என்றதும் கம்பெனி சாட்சி கேட்டது. மாமனார் கெடு வைத்தார். மச்சினன் சென்ட் பாட்டில் கேட்டான். கல்யாணம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் இவர்தான். டாக்ஸிக்காரன் திட்டத் திட்ட, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனும் இரண்டு சுற்று ஆடினான்.