மருமகளுக்கு ஒண்ணுக்கு வருது

ஏழாவது கிண்ணம் தேநீரைக் குடித்து முடித்தபோது மணி பதினொன்றரை. மேரிம் விடிவதற்கு முன் இருட்டில் ஒரு தடவை கொல்லைக்குப் போய் வந்தாள். அதோடு சரி. இனி பொழுது சாய்ந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

நாரின் நகரத்துக்குப் பக்கத்து அந்த மலை ஊரில் புது மருமகள் மூன்று நாள் அறையின் மூலையில் பூப்போட்ட திரைக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். பார்க்க வருகிறவர்கள் திரையை விலக்குவார்கள். அவள் வெள்ளை முக்காட்டோடு எழுந்து நின்று ஆளுக்கு மூன்று முறை இடுப்பை மடித்து வணங்குவாள். வந்தவள் கன்னத்தைத் தட்டி, வாழ்த்திவிட்டு, ஒரு கிண்ணம் பால் தேநீரை நீட்டுவாள். பெரியவர்கள் நீட்டும் கிண்ணத்தை மறுக்கக் கூடாது. அந்த மூன்று நாளும் மருமகளுக்கு முகம் உண்டு, முக்காடு உண்டு, தின்பதற்கு வாயும் உண்டு. இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவுமே கிடையாது என்று அந்த வீடு முடிவு கட்டியிருந்தது.

கழிப்பறை இருந்ததென்னவோ உண்மை. முற்றத்தின் அந்தக் கோடியில், பலகை அடித்த சின்ன அறை. வீட்டுக்கும் அதற்கும் நடுவில் மூன்று அண்டாக்களில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. அண்டாவைச் சுற்றி இருபது ஆண்கள், அவர்களுக்கு நடுவில் மாமனார். மாமனாரின் முன்னால் மருமகள் குறுக்கே நடப்பது பெரிய குற்றம். கழிப்பறைக்கு நடப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

மேரிம் ஒன்றும் தெரியாத பெண் அல்ல. நாரின் நகரத்தில் டயாலிசிஸ் வார்டில் ஆறு வருடமாக நர்ஸ். மற்ற பெண்கள் வளையல், பாசி என்று வாங்கிச் சேர்க்கும் வயதில் அவள் நோயாளிகளின் மூத்திரத்தை அளந்துகொண்டிருந்தாள். முதுகுப் பக்கத்தில் கைப்பிடி அளவு இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும், மனிதன் தூங்கினாலும் அழுதாலும் கல்யாணமே பண்ணிக்கொண்டாலும், இரத்தத்தைச் சலித்துக்கொண்டேதான் இருக்கும். வேண்டாததைச் சொட்டுச் சொட்டாகக் கீழே பைக்கு அனுப்பும். ஒன்றரை டம்ளர் சேர்ந்ததும் பை தகவல் சொல்லும். மூன்று டம்ளரில் கூச்சல் போடும். பையின் வாய்ப்பக்கத்தில் இரண்டு பூட்டுகள். உள்பூட்டு யார் பேச்சையும் கேட்காது. வெளிப்பூட்டு மட்டும்தான் நம் சொல்லுக்குக் கட்டுப்படும், அதுவும் அதற்குத் தெம்பு இருக்கிற வரைக்கும்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. அவள் வார்டில் ஒரு பூகோள வாத்தியார் இருந்தார். நான்கு வருடமாக அவருக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம் அவருக்காக மூத்திரம் போனது. கடைசியில் தம்பி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க, வெளிநாட்டில் வைத்துக்கொண்டு வந்தார். வந்த அன்றைக்கு அளவு ஜாடியைக் கேட்டு வாங்கி, உள்ளே போய், அரை டம்ளரோடு வெளியே வந்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். வார்டே கை தட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் அழுதார்.

அந்தக் கைதட்டலைக் கேட்டவளைத்தான் இங்கே திரைக்குள் உட்கார வைத்து, போகக் கூடாது என்கிறார்கள்.

வெறும் அவஸ்தையாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். போன குளிர்காலத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்து, போக நேரமில்லாமல் அடக்கி அடக்கி, கிருமி மேலே ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். பல் அடித்துக்கொள்ளும் நடுக்கம். பதினோரு நாள் தன் வார்டிலேயே நோயாளியாகக் கிடந்தாள். இன்னொரு தடவை அடக்கினால் சிறுநீரகத்தில் தழும்பு விழும், அப்புறம் நீயும் இங்கே நிரந்தரக் கட்டில்காரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே எரிச்சல் நேற்று சாயங்காலமே லேசாகத் தொடங்கிவிட்டது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த எரிச்சல்.

திரைக்குக் காவல் இருந்தவள் பெரிசாத். மூத்த மருமகள், இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மேரிம் அவள் காதில் விஷயத்தைச் சொன்னாள். பெரிசாத் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஆண்கள் சாப்பிட உள்ளே வரட்டும், அப்போது பின்பக்கமாகக் கூட்டிப்போகலாம் என்று பதில் வந்தது. கூடவே, இந்தக் காலத்துப் பெண்களுக்கு மூத்திரப்பையைச் சின்னதாகத் தைத்து அனுப்புகிறார்களோ என்று ஒரு குத்தலும் வந்தது.

கறி வேகவில்லை. கிழட்டுக் குதிரை. பன்னிரண்டரைக்கும் வேகவில்லை.

மேரிம் புருஷனுக்கு போனில் செய்தி அனுப்பினாள். அவன் பெயர் பெக்தூர். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு வந்த கல்யாணம் அல்ல இது. இரண்டு வருடம் பழகி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, அவளே சந்தோஷமாகக் காரில் ஏறி வந்தாள். பெக்தூரிடமிருந்து பதில் வந்தது: "கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்பா வெளியில இருக்கார்."

"அக்கா, நீங்கல்லாம் எப்படித்தான் இருந்தீங்க?" என்று பெரிசாத்திடம் கேட்டாள்.

"கால இறுக்கி வச்சுக்கிட்டுதான். பழகிரும்." பெரிசாத் கொஞ்சம் தயங்கினாள். "பழகிருச்சு. இப்ப வருஷத்துக்கு நாலு தடவ ஊசி போட்டுக்கறேன், அவ்வளவுதான்."

அடுத்த கூட்டம் வந்தது, கொச்கோர் ஊரிலிருந்து ஐந்து பெண்கள். ஆளுக்கு மூன்று என்றால் பதினைந்து வணக்கம். ஒவ்வொரு தடவை இடுப்பை மடிக்கும்போதும் அடிவயிற்றில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பதினோராவது வணக்கத்தில் வெளிப்பூட்டு ஒரு கணம் விட்டுக்கொடுத்துவிட்டது. சில சொட்டுதான். ஆனால் அந்தச் சில சொட்டுக்கு அவளுக்கு வந்த கோபம் அந்த வீடு கொள்ளாது. இந்த ஆறு வருடத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளிகளைக்கூட அவள் நனைய விட்டதில்லை.

மிச்சம் நான்கு வணக்கத்தை அவள் போடவில்லை. வெளியே நவம்பர் குளிர், அதனால் கோட்டை மாட்டிக்கொண்டாள். துடைக்கக் காகிதம் பையில் இருந்தது, அதனால் பையையும் எடுத்துக்கொண்டாள். திரையை விலக்கி, விருந்தினருக்கு நடுவே நேராக வாசலைப் பார்த்து நடந்தாள்.

கோட்டும் பையுமாக மருமகள் வாசலைப் பார்த்து நடந்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் ஓடுகிறாள். விருந்து விரிப்பின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலீச்சா, கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, அறுபத்தெட்டு வயதுக்கு நம்ப முடியாத வேகத்தில் போய் வாசற்படியின் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டாள்.

கலீச்சா மாமனாரின் அக்கா. பெரியத்தை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தூக்கி வந்த பெண் ஓடப் பார்த்தால் மூத்தவள் ஒருத்தி வாசலில் படுத்துக்கொள்வாள். அவளைத் தாண்டிப் போகிறவள் விளங்க மாட்டாள், வயிற்றில் பிள்ளை தங்காது என்பது அங்கே உள்ள நம்பிக்கை. கலீச்சா இதுவரை நான்கு பெண்களுக்காகப் படுத்தவள். நான்கு பேரும் திரும்பித் திரைக்குள் போய்விட்டார்கள். இவள் சம்மதித்து வந்தவள் என்பது கலீச்சாவுக்கும் தெரியும். ஆனால் கோட்டைக் கண்டதும் உடம்பு தானாகவே படுத்துவிட்டது.

மாமியார் சாபிரா வாயில் முக்காட்டை வைத்துக்கொண்டாள்.

"பெரியத்தை, நான் ஓடிப் போகல. ஒண்ணுக்குப் போறேன்" என்றாள் மேரிம்.

கலீச்சா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "ஓடறவ ஒவ்வொருத்தியும் இப்படி எதையாவது சொல்லிட்டுத்தான் கெளம்புவா."

"எழுந்திருங்க. இல்லன்னா தாண்டிப் போவேன்."

"தாண்டு பாப்போம். உன் வயித்துல ஒண்ணும் தங்காது."

"ஒண்ணும் தங்க வேணாம்னுதான் போறேன், பெரியத்தை."

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு உடனே இருமினாள். மேரிம் நீளப் பாவாடையை இரண்டு கையாலும் முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து, அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். சாபிரா ஐயோ என்றாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மேரிம் கையில் கிடைத்த யாருடைய பூட்ஸிலோ காலை நுழைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

இருபது ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார்.

"எங்கம்மா போற?"

அவரிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசவும் கூடாது. "கக்கூஸுக்கு மாமா" என்று முற்றத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவருக்கு முன்னாலேயே குறுக்கே நடந்தாள். இருபது பேருக்கும் திடீரென்று அண்டாவுக்குள் பார்க்க நிறைய இருந்தது.

பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, உடனே வரவில்லை. அவ்வளவு நேரம் இறுக்கியிருந்த சதைக்கு இனி விடலாம் என்று நம்பிக்கை வர வேண்டியிருந்தது. மூச்சை மெதுவாக விட்டாள். பிறகு வந்தது. எரிந்துகொண்டு வந்தது, நிற்காமல் வந்தது. சத்தம் வெளியே கேட்கும் என்று ஒரு கணம் கூசினாள். கேட்கட்டும் என்று அடுத்த கணமே விட்டுவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, அது சந்தோஷத்தில்தான்.

வெளியே வந்தபோது பெக்தூர் நின்றிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணின? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"காலைலருந்து நீ எத்தன தடவ போன?"

அவன் யோசித்தான். "நாலு இருக்கும்."

"எங்க போன?"

"வேலி ஓரமா."

"யாராவது சிரிச்சாங்களா?"

அவன் வேலிப் பக்கம் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நாரினுக்குப் போகிற மினிபஸ் ஆள் சேர நின்றுகொண்டிருந்தது. பை தோளில், கோட்டு உடம்பில். இப்போது நினைத்தால் நிஜமாகவே ஓடிவிடலாம். அவள் பஸ்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் உன்னோட இருக்கத்தான் வந்தேன். இருப்பேன். ஆனா வர்றப்ப போவேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவ போவேன், நாளைக்கு டாக்டர்கிட்ட போவேன். ஒத்து வராதுன்னா இப்பவே சொல்லு, வண்டி நிக்குது."

பெக்தூர் தலையைக் குனிந்துகொண்டான். "நான் போய் டாக்டருக்கு போன் பண்றேன்" என்றான். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அப்போதைக்கு அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் கலீச்சா இன்னும் எழுந்திருக்கவில்லை. சாபிரா அவளுக்குப் பின்னால் நின்று, பெரியத்தையின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்காமல் உள்ளே வரக் கூடாது என்றாள். மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை என்று மேரிம் சொன்னாள். ஆனால் எழுப்பி உட்கார வைக்கலாமே என்று குனிந்தாள். குனிந்ததும் அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடப் பழக்கம். கலீச்சாவின் பாவாடையும் அவளுக்கு அடியில் இருந்த கம்பளமும் நனைந்திருந்தன. அதனால்தான் கிழவி எழுந்திருக்கவில்லை.

மேரிம் கோட்டைக் கழற்றி, குளிருக்குப் போர்த்துகிறவள்போல அவள் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள். ஈரத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. கலீச்சா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "என்னைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு. எனக்குப் பதினேழு. திரைக்குள்ளருந்து ரெண்டு நாள் வெளிய விடவே இல்ல. எங்கப்பா வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாரு, வாம்மா போலாம்னு. நான் நனைஞ்சு உக்காந்திருந்தேன். எப்படி எழுந்திருப்பேன்? வரலப்பான்னு சொல்லிட்டேன்."

மேரிம் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நான் விரும்பித் தங்கினதா ஊரே சொல்லுது" என்றாள் கலீச்சா. "என் புருஷன்கூட அப்படி நெனச்சுக்கிட்டேதான் செத்தாரு."

"வாங்க" என்றாள் மேரிம். "இன்னும் மிச்சம் இருக்குமே."

"இருக்கு."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கோட்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முற்றத்தில் நடத்திக் கூட்டிப்போனாள். பெரிசாத் திரையை விட்டுவிட்டு வந்து இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள். எனக்கும் போகணும் என்றாள். மூன்று பெண்களும் மாமனாரின் முன்னால் குறுக்கே போனார்கள். அவர் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

கலீச்சா உள்ளே போனாள். மேரிம் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் போனது. அண்டாவின் பக்கமிருந்து மாமனார் சங்கடத்தோடு குரல் கொடுத்தார், அக்கா, கறி வெந்திருச்சு, எல்லாரும் காத்திருக்காங்க என்று.

பலகைக்குள்ளிருந்து கலீச்சா கத்தினாள். "காத்திருக்கட்டும்டா. அம்பது வருஷம் அடக்கினது. முடிச்சிட்டுத்தான் வருவேன்."