கூட்டுப்புழு மாலை

பிராங்க்ஃபர்ட் விமானம் ரத்து என்று செய்தி வந்தபோது தாரணி சாங்கி விமான நிலையத்தின் சரக்கு முனைய வாசலில், வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் இருநூறு கூட்டுப்புழுக்கள். ஜெர்மனியில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகவேண்டியவை. அடுத்த விமானம் மறுநாள் மதியம்தான்.

கூட்டுப்புழு விமானத்துக்காகக் காத்திருக்காது. இந்த வெக்கையில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் பெட்டிக்குள்ளேயே கூட்டை உடைத்துக்கொண்டு வந்துவிடும். சிறகு விரிக்க இடமில்லாமல் கசங்கிப்போகும். முனையத்தின் குளிரறையில் வைக்கலாமென்றால் அது மீனுக்கானது, விறைத்துச் செத்துவிடும். ஆபீஸைக் குளிராக்கும் ஏர்கானோ ஆறு மணிக்கு நின்றுவிடும்.

முதலாளி பிரபாகருக்கு போன் போட்டாள்.

"அப்ப முடிஞ்சுச்சு லா," என்றார் அவர், ஏதோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி. "உயிரோட இருக்கறத ஏத்தாதே, செத்தத ஏத்துன்னு அன்னிக்கே சொன்னேன். இது கெட்டுச்சுன்னா பூச்சி டெஸ்க்க மூடிட்டு நீ பழையபடி இறால் டெஸ்க்குக்கு வந்துடு."

குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் தாரணி. உயிரியல் படித்துவிட்டு, உறைந்த இறால் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். பூச்சி ஏற்றுமதிக்கென்று தனியாக ஒரு டெஸ்க், அவள் கத்திக் கத்தி வாங்கியது. இறால் என்றதும் காது சூடேறியது.

"உங்க இறால நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, பாஸ்," என்று போனை வைத்தாள். டாக்சியில் ஏறி, ஓட்டுநரிடம் "தேக்கா, அங்கிள்," என்றாள்.

தேக்காவில் அவள் சித்தி வசந்தகுமாரிக்குப் பூக்கடை. கடையின் நடுவில் ஆளுயரக் கண்ணாடிக் குளிர்ப்பெட்டி. குளிரைக் கூட்டலாம், குறைக்கலாம். உலகத்திலேயே இப்போது தாரணிக்கு வேண்டிய ஒரே பொருள் அதுதான்.

"சித்தி, மல்லியெல்லாம் வெளிய எடு."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? நாளைக்கு முகூர்த்தம்!"

"மல்லி பிளேன்ல வந்திருக்கு. மருந்து அடிச்சிருப்பான். பூச்சிக்கு ஆகாது."

"யூனிவர்சிட்டி போனது புழு மேய்க்கவா? நல்லாப் படிச்ச போ!"

திட்டிக்கொண்டேதான் சித்தி கூடைகளை எடுத்தாள். பூ வாடாமல் இருக்க ஏர்கான் வேண்டுமே. இருந்த ஒரே ஏர்கான் மாடியில் படுக்கையறையில். அங்கே இரவு வேலை முடித்து வந்த சித்தப்பா மருதப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுற்றிக் கூடைகள், காலடியில் ரோஜா மாலைகள். தாரணி கீழே குளிர்ப்பெட்டியை மூன்று முறை கழுவித் துடைப்பதற்குள் மாடியிலிருந்து ஓர் அலறல்.

"வசந்தா! நான் போயிட்டேனா?"

"நீங்க எங்கயும் போகல, படுங்க!"

குளிரைப் பதினைந்து டிகிரியில் நிறுத்தி, தாரணி ஒவ்வொரு கூட்டுப்புழுவாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சையாக இருப்பவை பொறுக்கும். தோல் கறுத்து உள்ளே சிறகின் கோலம் தெரிந்தால் குளிரெல்லாம் உதவாது, நாளைக் காலை பிறந்துவிடும். அப்படி நாற்பது இருந்தன. அவற்றை ஒதுக்கினாள். வெளியே பறந்தாலும் கேடில்லை, இந்த ஊர் இனம்தான். ஆனால் பிறக்கும்போது தொங்கவேண்டும்.

"தொங்கணும், அவ்வளவுதானே?" என்று சித்தி நூலை எடுத்தாள். மல்லி கட்டும் விரல்கள், ஒவ்வொன்றின் வால்நுனியிலும் இருந்த பட்டுப்பிசிறைச் சுருக்கிட்டுச் சரசரவென்று கட்டின. கடை வாசலில் நாற்பது கூட்டுப்புழுக்கள் மாலையாக ஆடின. இருவரும் அதைப் பார்த்து, காரணமில்லாமல் சிரித்து, மூச்சு முட்டிக் கூடைமேல் உட்கார்ந்தார்கள்.

இரவு தாரணி அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பிரபாகர் கடைக்கே வந்து நின்றார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"நாப்பதக் கழிச்சிட்டியாமே? இருநூறுன்னு சொல்லிட்டு நூத்தி அறுபது அனுப்பினா நம்ம பேரு என்னாகும்? எல்லாத்தையும் உள்ள போடு. இல்லன்னா புக்கிங்க கேன்சல் பண்றேன்."

"போட்டா வழியிலயே பிறந்து மத்ததையும் கெடுக்கும், பாஸ்."

"சும்மா கத வுடாத லா!"

கத்திக்கொண்டே உள்ளே வந்தவர் தலை மாலையில் இடித்தது. அந்த நொடிதான் கூட்டிலிருந்து வழுக்கி வந்திருந்த ஒன்று, பிடி தவறி அவர் சட்டைப் பையில் விழுந்து, தொற்றிக்கொண்டது. நனைந்த துணிபோலச் சுருங்கிய சிறகு.

"அசையாதீங்க!" தாரணி போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூடச் சிலையானார். "சிறகு காயற வரைக்கும் ஆடினீங்க, ஆயுசுக்கும் நொண்டி அது!"

பிரபாகர் மூச்சைப் பிடித்தார். பூ வாங்க வந்த பெண்கள் படமெடுக்கப் போனைத் தூக்கினார்கள். பூச்சி மெல்ல மேலேறி, வயிற்றை அசைத்து, சொட்டுச் சொட்டாகச் சிவப்பு நீரை விட்டது. வெள்ளைச் சட்டையில் அது அகலமாகப் பரவியது.

"ஐயோ, ரத்தமா?" பிரபாகரின் உதடு மட்டும் அசைந்தது.

"மூத்திரம்னு வச்சுக்குங்க. கூட்டுக்குள்ள சேத்து வச்ச கழிவு. பிறந்ததும் எல்லாம் இப்படித்தான் விடும்."

பிரபாகர் கண்ணை மட்டும் தாழ்த்திச் சட்டையைப் பார்த்தார். கறை பைக்குக் கீழே இறங்கி, இடுப்புப்பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்கே இவ்வளவா?"

"நாப்பது. மூடின பெட்டி. பஞ்சு மெத்த."

சட்டைமேல் இருப்பது மிரண்டுவிடுமோ என்று பயந்த குரலில் பிரபாகர், "என் போன எடு, தாரணி. பேண்ட் பாக்கெட்ல. மெதுவா," என்றார்.

அவள் எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"கார்கோவா? ஆமா, பிராங்க்ஃபர்ட். நூத்தி அறுபது... இல்ல லா, கேன்சல் இல்ல, கன்ஃபர்ம்... சத்தமா பேச முடியாது, என் மேல ஆள் இருக்கு."

சித்தி பூக்கூடைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். மாலையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று கூடுகள் வெடிக்க ஆரம்பித்தன. தாரணி குளிர்ப்பெட்டியைத் திறந்து, பச்சைக் கூட்டுப்புழுக்களைப் பஞ்சில் அடுக்கி, மூடி, டேப் ஒட்டினாள்.

"நீ எங்க போற?" பிரபாகர் கிசுகிசுத்தார்.

"சாங்கிக்கு."

"அப்ப நான்?"

"அது பறக்கற வரைக்கும் நில்லுங்க, பாஸ். சித்தி, அவருக்கு ஒரு டீ சொல்லு. ஸ்ட்ரா போட்டு!"

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டாக்சியை நோக்கி ஓடினாள்.