செவிச்செல்வர் வட்டத்தில் ஒரு காலியிடம்

டெக்சஸின் ரவுண்ட் ராக்கில் பால்துரைக்குச் சனிக்கிழமை காலை பத்து மணியோடு வாழ்க்கை முடிந்துவிடும். எட்டு மணிக்குத் துணி துவைக்கப் போடுவார். ஒன்பது மணிக்கு இந்தியன் ஸ்டோரில் கத்தரிக்காய் வாங்குவார். பத்து மணிக்கு மடித்த துணிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஞாயிறு சர்ச்சுக்குப் போனால் உண்டு, இல்லையென்றால் திங்கட்கிழமைதான்.

மனைவி ஜெயசெல்விக்கு நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் நர்ஸ் வேலை. மகள் ரெனிஷாவுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். அதனால் கம்பெனி மாற்றல் கொடுத்தபோது இவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெக்சஸ் வந்தார். வந்து ஆறு மாதம். சர்ச்சில் நாற்பது பேர் கை குலுக்கியிருக்கிறார்கள். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று நாற்பது பேரும் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாள் என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.

"நாலு பேரப் பாருங்க, பேசுங்க," என்றாள் ஜெயசெல்வி போனில். "இப்படியே செவுத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருந்தா நாந்தான் வந்து அட்மிட் பண்ணணும்."

"சரி, பாக்கேன்."

"பாக்கேன் பாக்கேன்னு ஆறு மாசமா அந்தச் செவுத்தத்தான பாக்கீங்க."

அந்த வாரம்தான் ஸ்டோரின் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. 'செவிச்செல்வர் வட்டம். தேர்ந்த இசை ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர்களையும் ஆல்பங்களையும் பகிரும் இடம். சனிதோறும் மதியம் இரண்டு மணி. ஓர் இடம் காலி.'

வட்டத்தைத் தொடங்கியவர் திருமூர்த்தி. அவர் வீட்டு மாடியில் சினிமா பார்க்கும் அறை இருந்தது, அதில் ஒன்பது சாய்வு சோபாக்கள். ஆகவே உலகத்தில் தேர்ந்த ரசிகர்கள் ஒன்பது பேர் என்று முடிவாயிற்று. ஒருவர் பிளானோ நகரத்துக்கு வீடு மாறியதில்தான் இந்தக் காலியிடம். திருமூர்த்தி கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பது இது பதின்மூன்றாவது வருஷம். ஒரு மனுஷனை உள்ளே விடுவது எப்படி, விடாமல் இருப்பது எப்படி என்பதை அந்தப் பதின்மூன்று வருஷத்தில் கரைத்துக் குடித்திருந்தார். கற்ற வித்தையை வீணாக்குகிற ஆள் இல்லை.

விண்ணப்பம் பதினோரு பக்கம். பிடித்த ஆல்பங்கள் பத்து, தர வரிசைப்படி. ஒவ்வொன்றையும் முதலில் கேட்ட தேதி, கேட்ட ஊர், கேட்ட கருவி. 'நீங்கள் எப்போதாவது ரீமிக்ஸ் பாட்டுக்கு நடனமாடியதுண்டா? ஆம் எனில் சூழ்நிலையை விளக்குக.' 'இதற்குமுன் வேறு எந்த ரசிகர் மன்றத்திலாவது அங்கம் வகித்ததுண்டா?' கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் உத்தரவாதக் கையெழுத்து வேண்டும். பால்துரை ஆபீஸ் செக்யூரிட்டியிடமும் முடிவெட்டுகிறவரிடமும் வாங்கினார்.

முதல் ஆல்பம் எது என்ற இடத்தில் அவர் யோசிக்கவே இல்லை. 'வெள்ளிக்கிழமை வீராயி. இசை: டி.கே. ஜெரால்டு' என்று எழுதினார். ஜெரால்டு மொத்தம் நாலு படத்துக்கு இசை போட்டவர். நாலு படமும் ஒரு வாரம் தாண்டவில்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் ஓடிய தனியார் பஸ்களில் அந்தப் பாட்டுகள் ஆறேழு வருஷம் ஓடின. பால்துரை காலேஜுக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் பாட்டுக்காகப் பலமுறை தவறவிட்டிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. மேற்படி ஜெரால்டு ஓர் இசையமைப்பாளர்தான் என்பதற்குக் கூடுதல் ஆதாரத்துடன் நேர்காணலுக்கு வரவும்.'

"என்னது, ஆதாரமா?" ஜெயசெல்வி சிரித்ததில் போன் அதிர்ந்தது. "நம்ம கல்யாணத்துக்கே இவ்வளவு பேப்பர் கேக்கலியே!"

"கேலி பண்ணாத செல்வி. சனிக்கிழமைக்குப் போக ஒரு எடம் வேணும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

நேர்காணலன்று திருமூர்த்தி வீட்டு கராஜில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரண்டே பேர் காத்திருந்தாலும் டோக்கன் உண்டு. பால்துரைக்கு ஒன்று. இரண்டாம் டோக்கனை வைத்திருந்தவர் வெள்ளைத் தாடிக்காரர், பெயர் ஹாஜா நஜ்முதீன். அந்த ஊரிலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். மடியில் பிளாஸ்டிக் ஃபைல்.

"உங்களுக்கு நம்பர் ஒன் யாருண்ணே?" என்றார் ஹாஜா.

பால்துரை குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியாது. டி.கே. ஜெரால்டுன்னு ஒருத்தர்."

ஹாஜா ஃபைலைத் திறந்தார். உள்ளே ஒரு கேசட் அட்டை. 'பம்பரக் கோட்டை. இசை: டி.கே. ஜெரால்டு.' இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அமெரிக்காவுல நா ஒருத்தன்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார் ஹாஜா. "எம் பொண்டாட்டி ஹபீஸா சொல்லுவா, இந்த ஆளு பாட்டக் கேட்டா எனக்கு பஸ் வாந்தி வருதுன்னு."

"அந்த ரெண்டாவது பாட்டு, நடுவுல அந்த கஞ்சிரா..."

"அல்லா! அதச் சொல்லுங்க!"

நம்பரை மாற்றிக்கொண்டார்கள். ஹாஜா அங்கேயே கேசட் அட்டையைப் படமெடுத்து அனுப்பினார். அதற்குள் உள்ளேயிருந்து குரல்: "டோக்கன் ஒன்!"

சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் திருமூர்த்தியும் ஷ்யாமளா என்ற அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். ஷ்யாமளா வட்டத்தின் மூத்த உறுப்பினர். ஹெட்போனைக் கழுத்தில் நகைபோல் போட்டிருந்தார். பால்துரை வலது கையை உயர்த்தி உண்மையே சொல்வதாக உறுதி எடுத்தார்.

"மிஸ்டர் பால்துரை," என்றார் ஷ்யாமளா, "எங்க ரூமுக்கு வந்து ஜெரால்டு பாட்டு போடணும்ங்கற இன்டென்ட் உங்களுக்கு இருக்கா?"

மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். கூட்டமாகச் சிரிக்கிற சத்தம். பால்துரையின் காது அங்கே போய்விட்டது.

"அய்யோ இல்ல மேடம். அது சின்ன வயசுல பஸ்ல ஓடும். காதுல விழுந்துட்டு, அவ்வளவுதான்."

"நீங்களா விரும்பிக் கேட்டதில்லயா?" என்றார் திருமூர்த்தி.

"இல்ல சார்."

"வெளியில இன்னொருத்தர் இதே பேரப் போட்டு அப்ளை பண்ணியிருக்கார். அவரத் தெரியுமா?"

"இப்பதான் கராஜ்ல பாத்தேன். பழக்கமில்ல."

"அப்ப நம்பர் ஒன்ல யாரப் போடலாம்?"

வட்டத்தின் தெய்வம் இசையமைப்பாளர் கிருபாசங்கர் என்பது சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்திலேயே தெரிந்தது. அவரைப் போடச் சொன்னார். திருமூர்த்தி ஜெரால்டை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். ஆமாம், முத்திரை வைத்திருந்தார். "கண்டிஷனல் அப்ரூவல். தொண்ணூறு நாள் கமென்ட் பண்ணக் கூடாது. வால்யூமத் தொடக் கூடாது. கங்கிராட்ஸ்."

பால்துரை காருக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தார். பத்து நிமிஷத்தில் ஹாஜா ஃபைலோடு வந்தார்.

"டினைடு," என்றார். "எங்கிட்ட சொன்னாங்க, ஒங்களுக்கு முன்னாடி வந்தவரே அது பஸ்ல காதுல விழுந்த சமாச்சாரம்தான்னு ஒத்துக்கிட்டாரேன்னு."

"பாய், அது வந்து..."

"பரவால்லண்ணே. சீட்டு கெடச்சுச்சுல்ல?"

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது பால்துரைக்கு.

ராத்திரி ஜெயசெல்வியிடம் மறைக்க முடியவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பைபிள்ல வர்ற அந்தச் சீஷன் மாதிரி மூணு தரம் மறுதலிச்சீங்களே, சேவல் கூவிச்சா?"

பின்னாலிருந்து ரெனிஷாவின் குரல் வந்தது. "வாட் ரூஸ்டர்? ஈஸ் டாட் ஓகே?"

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு பால்துரை ஒன்பதாவது சோபாவில் சாய்ந்தார். தோல் சோபா, கோப்பை வைக்கத் தனி இடம், காலடியில் நீல விளக்கு. கிருபாசங்கரின் ஆல்பம் ஒன்றை ரெக்கார்டு பிளேயரில் வைத்தார்கள். நாற்பது வினாடி ஓடியது. திருமூர்த்தி நிறுத்தினார். இந்த இடத்தில் வயலினில் இடதுபக்கம் மூன்று பேரா நான்கு பேரா என்று விவாதம் தொடங்கியது. மூன்றரை மணிக்கு மறுபடி அதே நாற்பது வினாடி. அகிலன் என்ற இளம் உறுப்பினர் ஐந்து பேர் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று அவர் கீழே உட்கார்ந்து கேட்ட அதே சிரிப்பு. ஆனால் சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து சோபாக்காரரிடம் பால்துரை, "நீங்க எந்த ஊருங்க?" என்று மெல்லக் கேட்டார். அவர் உதட்டில் விரல் வைத்தார்.

பால்துரை போனை எடுத்து ஹாஜாவுக்கு எழுதினார். 'பாய், நான் பொய் சொல்லிட்டேன். காலேஜுக்கு லேட்டாப் போனதே அந்தாளு பாட்டாலதான். மன்னிச்சுக்கிடுங்க.'

பதில் வந்தது. 'மெம்பர்ஸ் எங்கள மாதிரி ஆளுங்களோட பேச பர்மிஷன் உண்டா?' தொடர்ந்து இன்னொன்று. 'கடைலதான் இருக்கேன். ஹபீஸா மட்டன் சமோசா குடுத்து விட்ருக்கா.'

பால்துரை எழுந்தார்.

"எங்க?" என்றார் திருமூர்த்தி இருட்டில்.

"ஒரு வேலையா..."

"நடுவுல வெளிய போனா ரீ-என்ட்ரி கெடயாது. முன்கூட்டி பர்மிஷன் வாங்கியிருக்கணும். தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றார் பால்துரை. இருபது வருஷம் அமெரிக்காவில் இருப்பவருக்கு அது தெரியாதா?

ஹாஜா கடையில் உடைந்த போன்களை ஒதுக்கிவிட்டு நடுவில் சமோசாத் தட்டு வைத்திருந்தார். பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜா நிமிர்ந்து பார்த்தார், ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. பாட்டை நடுவில் நிறுத்தாமல் முழுவதும் கேட்டார்கள்.

"என்ன இருந்தாலும்," என்றார் ஹாஜா, "அந்தாளு போட்டதுலயே பெஸ்ட்டு பம்பரக் கோட்டதான்."

பால்துரை சமோசாவைக் கீழே வைத்தார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. வீராயி முன்னாடி அது நிக்குமா?"

"வீராயியா? அதுல மூணு பாட்டு ஒரே மெட்டு!"

"மூணா? கூறு இருக்கா வேய் ஒமக்கு? எது மூணு, சொல்லும் பாப்பம்!"

உடைந்த போனைச் சரிசெய்ய வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இரண்டு பெரியவர்கள் மேஜையைத் தட்டிச் சண்டை போடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பால்துரை அவளைக் கவனிக்கவில்லை. டெக்சஸ் வந்து ஏழு மாதத்தில் அவர் யாரிடமும் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.