மேட்டுத் தொட்டியின் வால்வு

இந்தத் தடவையும் சர்வர் மூன்று முறை கூவிவிட்டு அடங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. குடிநீர் வாரியத்தின் கணினி அறையில் அவள் தரையில் மண்டியிட்டு, அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி. மறுமுனையில் தம்பி, அதே வாரியத்தில் களப்பணி மேற்பார்வையாளன்.

"அக்கா, முட்டிக்கு மேல ஏறிடுச்சு. வால்வு எங்கன்னு சொல்லு."

"பாத்துட்டிருக்கேன்டா."

பெரிய குழாய் வெடித்து, பள்ளத்துத் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. பம்புகளை நிறுத்தியும் பயனில்லை; மேட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. தொட்டியடி வால்வு துருவேறி அசைய மறுத்தது. இன்னொரு வால்வு தெருவில் எங்கோ மண்ணுக்குள் கிடந்தது. காகித வரைபடங்களைக் கரையான் தின்ற பிறகு, அது எங்கே என்பது இந்தப் பழைய சர்வருக்கு மட்டும்தான் தெரியும். புதிது வாங்கச் சொன்னபோதெல்லாம் மேலதிகாரி, "ஓடிட்டிருக்கறத ஏம்மா நோண்டறீங்க" என்று அனுப்பிவிடுவார். நகலெடுக்கும் டேப் கருவி செத்துப் பல வருடமாயிற்று.

மூன்று கூவல் என்றால் மெமரிக் கோளாறு. மெமரிப் பட்டைகளை உருவி, முனைகளை ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். ஒரு பட்டைதான் வம்பு செய்தது. அதை ஒதுக்கியதும் திரையில் எழுத்துகள் ஓடின. பக்கத்தில் டார்ச் பிடித்திருந்த ஸ்டோர்கீப்பர் மூச்சு விட்டார். எழுத்துகள் நின்றன. ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்றது சர்வர்.

டிஸ்க்குகள் இரண்டின் மீதும் கை வைத்தாள். சுழலத் தொடங்கி, முனகி, நின்றன. மறுபடியும் அப்படியே. ஒரே நேரத்தில் இரண்டும் சாகுமா? கரண்ட் போதவில்லையோ? பவர் சப்ளையைப் பிரித்தாள். உள்ளே கண்டென்சர்கள் உப்பிக் கெட்டிருந்தன.

"சார், உங்க கம்ப்யூட்டரக் கழட்டிட்டு வாங்க."

"அதுலதாம்மா மொத்த ஸ்டாக் கணக்கும்..."

"சார்."

அவர் ஓடினார்.

அவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றினாள்; அதன் பெரிய முனை சர்வரில் பொருந்தவில்லை. டிஸ்க்குக்கான வயர்கள் மட்டும் பொருந்தின. போர்டுக்குப் பழையதையே விட்டுவிட்டு, இதைத் தரையிலேயே வைத்து, பொருந்தாத பெரிய முனையில் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துச் செருகி உயிர் கொடுத்தாள். கைபேசியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன். பேசாம வேலையப் பாரு." அவளிடம் அவன் இப்படிப் பேசியதே இல்லை.

இரண்டு டிஸ்க்குகளும் நிற்காமல் சுழன்றன. சர்வர் எழுந்தது. வரைபடம் கோடு கோடாக விரிந்தது.

"தெருமுனைக் கம்பத்துலேர்ந்து மேற்கால பன்னெண்டு அடி."

தண்ணீரில் கால்கள் சலசலத்து நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்க வீடு இருக்குக்கா. யாரோட சமையக்கட்டோ" என்றான்.

வரைபடம் வரைந்த காலத்தில் அது காலி மனை.

"எங்க வீட்டையா தம்பி?" ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அவன் என்னவோ சொன்னான். அந்தப் பெண்ணின் குரல் மறுபடி வந்தது. "புள்ளைங்க மாடியில இருக்குதுங்க. ஒடைங்க."

"அக்கா, நிச்சயமா அங்கதானா?"

அவள் திரையைப் பார்த்தாள். அந்தக் கோடு போட்டவர் யார், அளந்து போட்டாரா, எதுவும் தெரியாது.

"அங்கதான்."

பாத்திரங்களை ஒதுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீருக்கடியில் மொத்தென்று கடப்பாரை இறங்கியது. இன்னொரு முறை. சூடேறிய டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, அவள் அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.